ரீலுக்குள் இருக்கும் இரண்டு நூல்கள்

பாகலூரில் ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவே நண்பர் வெட்டியிருக்கும் பண்ணைக் குட்டையில், இறகால் கட்டிய பொய்ப் பூச்சியை வீசி ஜிலேபிக் கெண்டை பிடிக்கும் ஃப்ளை தூண்டிலைச் சில மாதங்களாகப் பழகிவரும் எனக்கு, கோலையும் ரீலையும்விட அதில் சுற்றும் நூலே பிரதானம் என்பது பிரத்யட்சமாக விளங்கிவிட்டது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நரம்பை இழுத்துச் செல்லும். இதிலோ பூச்சிக்குப் பாரமே இல்லாதபடியால், பிளாஸ்டிக் பூசிய தடித்த நூல்தான் தன் எடையால் பறந்து பூச்சியையும் சுமந்து போகவேண்டும்.

அந்த எடையைத்தான் நூலின் எண் குறிக்கிறது. 5-ஆம் எண் நூலின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 8-ஆம் எண்ணில் 210 கிரெய்ன். கோலில் அச்சிட்ட எண்ணும் நூலின் எண்ணும் ஒன்றாயிருப்பது அவசியம். இதைக் கவனித்து வாங்கியும் நான் ஒரு விஷயத்தில் தவறினேன்: குளிர்ந்த நீருக்கென்று செய்த நூல் அது. சித்திரை வெயிலில் துவண்டுபோய்க் கோலின் வளையங்களில் ஒட்டிக்கொண்டது. 1907-இல் டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்ட, மலைப்பகுதியான அவலாஞ்சியின் குளிர்ந்த ஓடைகளுக்கு அது உகந்தது. நம் சமவெளிக்கு வெப்பப் பிரதேச நூலே தகும்.

ஃப்ளை லைன் எனப்படும் அந்தத் தடித்த நூலின் நீளம் ஏறத்தாழ 90 அடிதான். அதற்கு அடியில் சுற்றும் பேக்கிங் நூல், பெரிய மீன் ஓடும்போது கைகொடுக்கும். 1946-இல் கபினியில் 120 பவுண்டு மஹ்சீர் பிடிபட்டதை நினைத்தால் அதன் தேவை புரியும். என் குட்டைக் கெண்டை ஒருநாளும் அதுவரை இழுக்கப் போவதில்லை. ஆனாலும் ரீலின் உருளையான ஸ்பூலின் நடுவை அது பருமனாக்குவதால், மேல்நூல் நெருக்கச் சுருளாமல் தளர்ந்து வருகிறது என்ற பிரயோஜனம் எல்லோருக்கும் உண்டு.

கடைக்காரர் ஒருவர் பேக்கிங்குக்குப் பதில் தங்கூஸ் நரம்பைச் சுற்றிக் கொடுத்தார். அது இழுபட்டுப் பின் சுருங்கி ஸ்பூலை நெரித்ததால், முழுவதையும் பிரித்து, 20 பவுண்டு தாங்கும் பின்னலிட்ட டேக்ரான் நூலை மாற்றினேன். எவ்வளவு கொள்ளும் என்றறிய ஓர் உபாயம் உண்டு: முதலில் ஃப்ளை லைனையே வெற்று ஸ்பூலில் சுற்றி, அதன்மேல் பேக்கிங்கை விளிம்புக்குக் கால் அங்குலம் கீழ்வரை சுற்றி வெட்டி, பிறகு இரண்டையும் அவிழ்த்து, பேக்கிங்கை அடியில் வைத்துத் திரும்பச் சுற்றவேண்டும். சாவகாசமாகச் செய்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஈரத் துணியால் நூலைப் பிடித்துச் சற்று இறுக்கமாகவே சுற்றுங்கள், தளர்ந்த சுற்றுக்குள் மேல்சுற்று புதைந்து சிக்கும்.

புதிதாய்த் தொடங்குவோர் ரீலின் விலையில் சிக்கனம் செய்தாவது நல்ல நூல் வாங்கவேண்டும் என்பதே என் தீர்ப்பு.