தனி விலையும் தொகுப்பு விலையும்

கேபிள் தொலைக்காட்சி பார்ப்போர் தாம் விரும்பும் அலைவரிசைகளை மட்டும் தேர்ந்து, அவற்றிற்கு மட்டும் பணம் செலுத்தலாம் என்னும் கொள்கை நேர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஓர் உரிமையை ஏட்டில் எழுதிவிடுவதால் மட்டும் அஃது உரியவர் கைக்கு வந்து சேர்ந்துவிடாது. இந்திய நாட்டில் நிகழ்ந்தவை இதற்குச் சான்றாகும்.

அந்நாட்டில் முன்னர், வீட்டிற்கு எவ்வெவ் அலைவரிசைகள் வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் கேபிள் நடத்துவோரே முடிவு செய்தனர். மக்கள் மொத்தமாக ஒரு தொகையைக் கட்டி வந்தனர். இந்நிலையை மாற்ற எண்ணிய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2017 மார்ச்சில் புதிய கட்டண விதிகளை வெளியிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவற்றிற்கு இசைவளிக்க, 2019 பிப்ரவரி முதல் நாளிலிருந்து அவை நடைமுறைக்கு வந்தன. 100 அலைவரிசைகளுக்கான அடிப்படைக் கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாய்க்கு மேற்படலாகாது என அப்போது வகுக்கப்பட்டிருந்தது. கட்டண அலைவரிசை ஒவ்வொன்றிற்கும் தனி விலை அறிவிக்கப்பெறல் வேண்டும். 19 ரூபாய்க்கு மேல் விலையுள்ளதைத் தொகுப்பில் சேர்த்தலாகாது. இவை அவ்விதிகளுள் தலையாயவை.

விதிகளின் நோக்கம் நன்று. குறை எங்கே உளது? தனி விலைக்கும் தொகுப்பு விலைக்கும் இடையே இருக்கவேண்டிய உறவில்தான் உளது. தொகுப்பிற்கு 15 விழுக்காட்டிற்கு மேல் தள்ளுபடி தரலாகாது என ஆணையம் வகுத்திருந்தது. அவ்வரம்பு தக்க காரணமற்றது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் அதனை நீக்கிற்று. விளைவு யாது? 70 விழுக்காடு வரை தள்ளுபடி தரப்படுவதை ஆணையமே 2019-இல் எடுத்துக்காட்ட நேர்ந்தது.

மொத்தமாக வாங்குவோர்க்கு விலை குறைப்பது வணிக மரபுதானே என்பர் சிலர். அரிசிக்கும் துணிக்கும் அது பொருந்தும். அங்கே விற்போர்க்குச் செலவு மிச்சமாகிறது. ஒளிபரப்பிய நிகழ்ச்சி மேலும் ஒரு வீட்டிற்குச் செல்வதால் ஒளிபரப்புவோர்க்குச் செலவு ஏறக்குறைய ஏதுமில்லை. ஆனால், வீடுகளின் எண்ணிக்கை கூடினால் விளம்பர வருவாய் கூடும். ஆகவே, பெருந்தள்ளுபடி பார்ப்போர்க்கு மட்டும் அளிக்கும் சலுகையன்று. கேட்காத அலைவரிசையையும் வீட்டிற்குள் புகுத்தும் வழியுமாகும்.

தொகுப்பு இன்றேல் சிறு அலைவரிசைகள் நலியும் என்னும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சிறுபான்மையோர் மொழிக்கும் அறிவுத்துறைக்கும் உரிய அலைவரிசைகள் வாழ்தல் வேண்டும். எனினும், அதற்குரிய பொறுப்பை, கேளாதவற்றிற்கும் பணம் கட்டும் எளிய குடும்பங்களின் தலையில் ஏற்றுவது முறையாகாது.

2020-இன் தொடக்கத்தில் 19 ரூபாய் வரம்பை 12 ஆக ஆணையம் குறைத்தது. 2022 நவம்பரில் மீண்டும் 19 ஆக்கி, தள்ளுபடிக்கு 45 விழுக்காடு என எல்லை கட்டியது. இவ்வெல்லை போதுமா என்பதைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். 19 ரூபாய் விலையுள்ள எட்டு அலைவரிசைகளின் கூட்டு விலை 152 ரூபாய். தொகுப்பாயின் 83 ரூபாய் 60 காசுக்குத் தரலாம். அவற்றுள் ஐந்தை மட்டும் வேண்டுவோர் 95 ரூபாய் கொடுத்தல் வேண்டும். குறைவாகக் கேட்பவர் கூடுதலாகக் கொடுக்கும் இந்நிலையில், தேர்வுரிமை பெயரளவிலேயே நிற்கும். ஐந்தின் விலை எட்டின் விலையை விஞ்சாதபடி விதி அமையும் நாளிலேதான் அவ்வுரிமை மக்களுடையதாகும்.