அரச மணமும் குடிகளின் கண்ணீரும்

1981 யூலை 29 ஆம் நாள், இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் இளவரசர் சார்ள்ஸ் டயானாவின் கரம்பற்றினார். உலகெங்கும் 75 கோடிப் பேர் அதனைத் தொலைக்காட்சியிற் கண்டனர் என மதிப்பிடப்பட்டது. முதல்நாள் இரவே வீதியோரத்திற் படுத்திருந்து இடம்பிடித்தோரும், தம் வீட்டுப் பெண்ணே மணக்கோலம் பூண்டாற்போலக் கண்ணீர் உகுத்தோரும் பலர்.

அக்கண்ணீரைப் பேதைமையென எள்ளி நகையாடுதல் எளிது. ஆயின், அப்போது பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 25 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. லிவர்பூலின் ரொக்ஸ்ரெத் பகுதியில் அம்மாதம் இளைஞர் பொலிசாருடன் மோதினர். மணநாளுக்கு முந்திய இரவு பொலிஸ் வாகனம் மோதி அங்கே ஓர் இளைஞன் உயிரிழந்தான். அத்தகைய காலத்தில் மக்கள் ஒருநாள் விடுமுறையையும் தெருவிருந்தையும் விரும்பியதிற் குற்றம் யாது? அம்மகிழ்ச்சிக்கு ஓர் அரச குடும்பம் உரிமை கொண்டாடியதே குற்றம்.

இவ்வித்தையின் சூட்சுமத்தை வோல்ற்றர் பஜற் 1867 இலேயே, ஆங்கில அரசியலமைப்புப் பற்றிய தமது நூலில் வெளியிட்டுவிட்டார். முடியாட்சியின் ஆதரவாளர் அவர். ஆதலின் ஒளிவுமறைவின்றி எழுதினார். அரியணையில் ஒரு குடும்பம் வீற்றிருந்தால் ஆட்சி எளியோர் மனத்துக்கும் நெருங்கி வரும் என்பது அவர் கருத்து. சட்டம் விளங்காதவனுக்கும் கலியாணம் விளங்குமல்லவா!

எதிர்த்தோரும் இவ்வலைக்குத் தப்பினாரல்லர். பெண்ணிய ஏடாகிய ஸ்பெயர் றிப், இம்மணம் வேண்டாமென டயானாவுக்கே புத்திகூறும் சட்டைச் சின்னமொன்றை வெளியிட்டது. சுவையான குறும்புதான். எனினும் அது முடியாட்சியை விளித்துப் பேசவில்லை. இருபது வயது நங்கையொருத்தியிடம் தமக்கையின் உரிமையோடு பேசிற்று. 1996 இல் அம்மணம் முறிந்தது. தமக்கையின் புத்திமதி பலித்தது. மணமகன் 2022 இல் மன்னரானார்.