தீர்க்கதரிசிகள் கேளாத கேள்வி

இணையத்தின் எதிர்காலம் பற்றி 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் எழுந்த எதிர்வுகூறல்களைப் பேசுவோர், பெரும்பாலும் ஒருவரை நோக்கியே நகைப்பர். அவர் வானியலாளர் கிளிபோர்ட் ஸ்டோல். நாளிதழின் இடத்தை இணையம் பிடிக்காது, இணையவழி வணிகம் தழைக்காது என அவர் 1995 பெப்ருவரியில் ‘நியூஸ்வீக்’ இதழில் அடித்துக் கூறினார். அவ்வாண்டு ஜூலையிலேயே அமேசான் புத்தகம் விற்கத் தொடங்கிற்று.

ஆனால், நகைப்புக்குரியவர் அவர் ஒருவர்தானா? அதே ஆண்டில் பில் கேட்ஸ் தம் நூலொன்றில் ‘உராய்வற்ற முதலாளித்துவம்’ வருமென்றார். வாங்குவோனும் விற்போனும் நேரே சந்திப்பர், இடைத்தரகன் தேவையற்றுப்போவான் என்பது அதன் சாரம். பழைய தரகர் பலர் மறைந்தது உண்மையே. அவர்தம் ஆசனத்தில் இன்று வீற்றிருப்பவன் யார்? கடையும், கடைக்குச் செல்லும் வழியும், வழியிலுள்ள விளம்பரப் பலகையும் தன்னுடையதாகக் கொண்டு, ஒவ்வொரு விற்பனையிலும் கழிவு பெறும் பெருந்தரகன்!

இவற்றுள் இலக்கியமென்று கொள்ளத்தக்கது ஜோன் பெரி பார்லோ 1996 பெப்ருவரி 8ஆம் திகதி வெளியிட்ட ‘இணையவெளியின் சுதந்திரப் பிரகடனம்’ ஒன்றே. அரசுகளை விளித்து, எம்மிடத்தில் உமக்கு ஆட்சியில்லை என முழங்கும் அதன் மிடுக்கு இன்றும் வாசகரை ஈர்க்கும். எனினும் அது பிறந்த இடம், உலகப் பெருமுதலாளிகள் ஆண்டுதோறும் கூடும் டாவோஸ் நகர் என்பது கவனிக்கற்பாலது. உடைமை பற்றிய சட்டங்கள் சடப்பொருளைச் சார்ந்தவை, இங்கோ சடப்பொருளே இல்லை, ஆதலால் அவை எமக்குப் பொருந்தா என்கிறார் பார்லோ. அவரது கருத்துமுதல்வாதம் இவ்விடத்தில் வெளிப்படையாகிறது. கடலடிக் கம்பிகளும், கணினிகள் நிறைந்த மண்டபங்களும், அவற்றை இயக்கும் மின்சாரமும் சடப்பொருளன்றி வேறென்ன? அவர் எழுதுவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னரே, 1995 ஏப்ரல் 30இல், பொதுப்பணத்தில் இயங்கிய என்.எஸ்.எப். நெற் என்னும் முதுகெலும்பு வலையமைப்பு மூடப்பட்டு, அதன் பணி தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியிருந்தது. இதைப் பற்றிப் பிரகடனம் மௌனம் சாதிக்கிறது. ஆட்சியில்லை எனப்பட்ட அரசுகளும் ஒதுங்கிவிடவில்லை. 2011 ஜனவரியில் எகிப்திய அரசு நாடு முழுவதும் இணையத்தைத் துண்டித்தது. அதற்குக் கம்பனிகளுக்கு இட்ட ஆணையே போதுமாயிற்று.

ஸ்டோலின் கட்டுரையில் நகைப்போர் எளிதில் தாண்டிச் செல்லும் கூற்றொன்றுண்டு: திறமையான ஆசிரியரின் இடத்தை எந்தக் குறுந்தட்டும் நிரப்பாதென்பது அது. 2020இல் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, திரையின் மறுபுறத்தில் ஓர் ஆசிரியர் இருக்க வேண்டியிருந்தமையை அனைவரும் கண்டனர். ஆயினும் அத்திரை எவர் வீட்டில் இருக்கும் என்பதை ஸ்டோலும் கேட்டாரில்லை. உலகில் 3 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுள் மூன்றில் இரு பங்கினருக்கு, அதாவது ஏறத்தாழ 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய இணைப்பு இல்லையென அவ்வாண்டு டிசம்பரில் யுனிசெப் அறிவித்தது.