ஓட்டுநர் உண்டு, அணி இல்லை: சென்னையின் இளையோர் கார்ப் பந்தய முறை குறித்த ஒரு திறனாய்வு

இந்தியாவிலிருந்து சென்று ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓட்டியவர்கள் இதுவரை இருவரே. 2005இல் ஜோர்டன் அணியின் காரை ஓட்டிய நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூரையும், 2010இல் ஹிஸ்பானியா அணியின் காரை ஓட்டிய கருண் சந்தோக் சென்னையையும் சேர்ந்தவர்கள். நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் ஒரு நாட்டில் இவ்விருவரும் ஒரே மாநிலத்திலிருந்து வந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்த ஒரு பந்தய மரபு இருக்கிறது. ஆயினும் அந்த மரபு ஓட்டுநர்களையும் கார்களையும் பந்தயத் தடங்களையும் உருவாக்கிய அளவுக்கு, தலைமுறைகளைக் கடந்து நிற்கும் ஓர் இளையோர் பந்தய அணியை உருவாக்கவில்லை. அந்த முறையின் நிறைகளையும் குறைகளையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒற்றை இருக்கைக் கார் என்பது ஓட்டுநர் ஒருவர் மட்டுமே அமரக்கூடியதாகவும், நான்கு சக்கரங்களும் உடற்பகுதிக்கு வெளியே திறந்து நிற்பதாகவும், பந்தயத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட கார் ஆகும். சிறுவயதில் கார்ட்டிங் எனப்படும் குட்டிக் கார்ப் பந்தயத்தில் தொடங்கும் ஒருவர், குறைந்த திறனுள்ள ஒற்றை இருக்கைக் கார்களில் பழகி, ஃபார்முலா 4, ஃபார்முலா 3, ஃபார்முலா 2 எனப் படிப்படியாக ஏறுவதே உலக வழக்கம். இவற்றின் கீழ்ப்படிகளில் இயங்கி, இளம் ஓட்டுநருக்குக் காரையும் பொறியாளரையும் பயிற்சியையும் அளிக்கும் அமைப்பே இளையோர் அணி எனப்படுகிறது.

ஆவடியை அடுத்த கோவில்பதாகையை நடுவாகக் கொண்டு வரைபடத்தைப் பார்த்தால், இந்த மரபின் சென்னை வரலாற்றின் பெரும்பகுதி அதன் இரு புறங்களில் அடங்கிவிடுவதைக் காணலாம். வடகிழக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையில் பழைய பந்தயத் தடமான சோழவரம். தென்மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் நிரந்தரத் தடம் உள்ள இருங்காட்டுக்கோட்டை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மேற்குப் புறநகர்ப் பகுதியில் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை பீரங்கி வண்டிகளைச் செய்கிறது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா ஆகியவை மின்கருவிகளையும் சக்கரங்களையும் பிரேக்குகளையும் செய்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் உதிரிப் பாகங்களைக் கடைந்து தருகின்றன. பந்தய அணிக்கு வேண்டிய கைத்திறன் அனைத்தும் ஒரே வட்டாரத்தில் குவிந்திருந்தும் அங்கே நிலைத்த அணி ஒன்று தோன்றாதது விளக்கம் கோரும் நிகழ்வாகும்.

1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமாகிய சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. அக்காலத்தில் பந்தயக் கார் என்பது பெரும்பாலும் வசதி படைத்தவர் ஒருவர் தம் சொந்தச் செலவில் இறக்குமதி செய்ததாகவோ, சாலையில் ஓடும் காரைப் பட்டறையில் மாற்றியமைத்ததாகவோ இருந்தது. விஜய் மல்லையா போன்றோர் பழைய ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டிய அதே தடத்தில், உள்ளூர் மெக்கானிக்குகள் செப்பனிட்ட சாதாரணக் கார்களும் ஓடின. பணமுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே இருந்த இந்தப் பள்ளத்தில், ஓட்டுநரின் திறமை எவ்வளவு, காரின் விலை எவ்வளவு என்று பிரித்தறிய வழியே இல்லாதிருந்தது.

இந்தக் குறைக்கு விடை கண்டவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன். மாருதி 800 காரின் எளிய இன்ஜினைக் குழாய்ச் சட்டகம் ஒன்றில் ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, 1980களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, உதிரிப் பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்ற நிலையைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்வு தொடங்கியதும் அந்தக் காரில்தான். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்த நிலத்தில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடம் திறக்கப்பட்டபோது, அதில் ஓடுவதற்கான உள்நாட்டுக் கார் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1995இல் விமான விபத்தொன்றில் கரிவரதன் உயிரிழந்த பிறகும் அவருடைய வழி தொடர்ந்தது; கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே அமைந்தது; ரோலன் சங்கிலிகளைத் தயாரிக்கும் எல்.ஜி.பி. நிறுவனம் ஃபார்முலா எல்.ஜி.பி. கார்களுக்கும், ஜே.கே. டயர், எம்.ஆர்.எஃப். ஆகிய டயர் நிறுவனங்கள் பந்தயத் தொடர்களுக்கும் பொறுப்பேற்றன.

இத்தொடர்கள் அனைத்துக்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. போட்டியிடும் அனைவரும் ஒரே வகைச் சட்டகமும் ஒரே வகை இன்ஜினும் ஒரே நிறுவனத்தின் டயரும் கொண்ட காரையே ஓட்ட வேண்டும் என்பதே அது. இந்த ஒருவகைக் கார் முறையின் முதல் நிறை செலவுக் கட்டுப்பாடு ஆகும். போட்டியாளர் ஒருவர் புதிய பாகமொன்றை வாங்கி மற்றவரை முந்த வழியில்லாததால், செலவுப் போட்டி தொடக்கத்திலேயே தடுக்கப்படுகிறது. இரண்டாவது நிறை நேர்மை. காரில் வேறுபாடு இல்லாதபோது, கால அட்டவணையில் தெரியும் வேறுபாட்டின் பெரும்பகுதி ஓட்டுநருடையது என்று கொள்ள முடிகிறது. எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் தொடரின் 2018–19 பருவத்தில், ஆண்களே நிறைந்த களத்தில் பிரிட்டனின் ஜேமி சாட்விக் பட்டம் வென்று, அத்தொடரை வென்ற முதல் பெண்ணானதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஐரோப்பிய இளையோர் குளிர்காலத்தில் சென்னைக்கு வந்து போட்டியிடும் அளவுக்கு அத்தொடர் மதிப்புப் பெற்றதும் அதன் நிறையே.

குறைகள் வேறொரு தளத்தில் உள்ளன. எம்.ஆர்.எஃப். சேலஞ்சில் இத்தாலியின் டல்லாரா நிறுவனம் செய்த கார்களை எம்.ஆர்.எஃப். நிறுவனமே சொந்தமாக வைத்துப் பராமரித்தது. ஓட்டுநர் தலைக்கவசத்துடன் வந்து, ஓட்டிவிட்டுச் சென்றார். இம்முறையில் ஓட்டுநருக்குச் சுமை குறைகிறது என்பது உண்மை. ஆனால் காரைப் புரிந்துகொள்ளும் அறிவு எங்கே தங்குகிறது என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. செட்டப் என்று பந்தய உலகம் வழங்கும் அமைவு வேலை, அதாவது சஸ்பென்ஷனின் இறுக்கம், சக்கரங்களின் சாய்வு, டயரின் காற்றழுத்தம் ஆகியவற்றைத் தடத்துக்கும் வானிலைக்கும் ஏற்பத் திருத்துவது, ஒரே வகைக் காரிலும் வினாடியின் பத்தில் சில பங்குகளை ஈட்டித் தரும். அத்திருத்தங்களை ஆண்டுக்கு ஆண்டு குறித்துவைத்து, ஓர் ஓட்டுநரிடம் கற்றதை அடுத்தவருக்குக் கடத்துவதே அணியின் உண்மையான பணி. கார் கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் வைத்து எண்ணத்தக்கது.

இதன் பொருளை உணர, டிரெவர் கார்லின் 1990களின் பிற்பகுதியில் பிரிட்டனில் நிறுவிய கார்லின் அணியின் வரலாறு துணைசெய்யும். அந்த அணி தொடக்க நிலையில் இருந்த 1998, 1999 ஆகிய பருவங்களில் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 தொடரில் அதன் காரை ஓட்டியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 1999இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் இரண்டு பந்தயங்களை அவர் வென்றார். அவர் அடுத்த ஆண்டே வேறு அணிக்குச் சென்றபோதும், அந்தப் பருவங்களில் பெற்ற அனுபவம் அணியின் பொறியாளர்களிடமே தங்கியது. 2001இல் ஜப்பானின் டகுமா சாட்டோ அதே அணியில் பிரிட்டிஷ் பட்டத்தையும், 2017இல் லாண்டோ நோரிஸ் ஐரோப்பிய ஃபார்முலா 3 பட்டத்தையும் வென்றனர். 2017இல் நோரிஸுடன் அதே அணியில் ஓட்டிய மற்றொருவர் மும்பையின் ஜெஹான் தாருவாலா. அதாவது, தமிழ்நாட்டு ஓட்டுநர் ஒருவரின் தொடக்கக் கால வெற்றி ஆங்கில அணியொன்றின் அடித்தளத்தில் சேர்ந்தது; பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்த இந்திய இளைஞர் அதன் பயனை மீண்டும் இங்கிலாந்துக்குச் சென்றே பெற வேண்டியிருந்தது.

உள்நாட்டில் அணிகளே இல்லை என்று கூறுவது மிகையாகும். எல்.ஜி.பி. ஃபார்முலா 4 பிரிவில் எம்ஸ்போர்ட், டார்க் டான் ரேசிங், அவலாஞ்ச் ரேசிங் முதலிய தனியார் அணிகள் மாருதி ஸ்விஃப்ட் இன்ஜின் பொருத்திய கார்களுடன் போட்டியிட்டு வந்துள்ளன. இந்த முறையின் மிக நம்பிக்கையூட்டும் பகுதி இதுவே. ஆனால் இப்பிரிவின் பெயரில் உள்ள ஃபார்முலா 4 என்பது பன்னாட்டு ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் (எஃப்.ஐ.ஏ.) ஃபார்முலா 4 அன்று. கூட்டமைப்பின் சான்று பெற்ற ஃபார்முலா 4 தொடரில் பட்டம் வென்றவர், ஃபார்முலா ஒன் ஓட்டத் தேவையான உரிமத்துக்குரிய 40 புள்ளிகளில் 12ஐப் பெறுகிறார்; எல்.ஜி.பி. பிரிவில் வென்றவருக்கு அத்தகைய புள்ளி கிடையாது. எனவே உள்நாட்டு அணிகள் கற்றுத்தரும் படியும், வெளிநாட்டுக் கதவைத் திறக்கும் படியும் வெவ்வேறு ஏணிகளில் அமைந்துவிட்டன.

கூட்டமைப்பின் சான்றுடன் 2023இல் தொடங்கிய இந்திய ஃபார்முலா 4 தொடர் இந்த இடைவெளியை அடைக்கும் வாய்ப்புடையது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் ஒத்திவைக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சுமார் 3.5 கிலோமீட்டர் சாலைத் தடத்தில் நடைபெற்ற இரவுப் பந்தயம், அதுவரை தடத்துக்கு வராத பெருங்கூட்டத்துக்கு இவ்விளையாட்டை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பங்கேற்புடன் நடந்த அப்பந்தயம் உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளையும், பொதுப்பணத்தைச் செலவிடும் முறை பற்றிய கேள்விகளையும் எதிர்கொண்டது. அக்கேள்விகளுக்குத் தகுந்த விடை, பந்தயம் நடந்த இரண்டு நாள்களின் ஒளியில் இல்லை. அதற்குப் பின் ஊரில் என்ன எஞ்சியது என்பதில்தான் உள்ளது. இத்தொடரில் நகரங்களின் பெயர் தாங்கும் அணிகள், அந்த நகரங்களில் பட்டறையும் பயிற்சியிடமும் கொண்டு இயங்காதவரை, அவை சட்டையில் அச்சிட்ட பெயர்களாகவே நிற்கும்.

தனி அணிகள் பெருகினால் செலவும் பெருகும், வசதியுள்ளோர் மீண்டும் முந்துவர் என்ற எதிர்வாதம் கவனத்துக்குரியது; சோழவரக் காலத்து அனுபவம் அதற்கு வலுச்சேர்க்கிறது. ஆனால் இவ்விரு முனைகளுக்கும் இடையே வழி உண்டு. கார், இன்ஜின், டயர் ஆகியவற்றை இப்போதுபோல் ஒரே வகையாக வைத்துக்கொண்டு, அமைவு வேலையையும் தரவு ஆய்வையும் மட்டும் அணிகளிடம் விட்டுவிட்டால், பணம் விளையாடும் இடம் குறுகியும் அறிவு விளையாடும் இடம் விரிந்தும் அமையும். பயிற்சி நாள்களின் எண்ணிக்கைக்கும் அணிப் பணியாளர் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தால் செலவுக் கவலையும் பெருமளவு நீங்கும்.

ஆகவே, கரிவரதன் தொடங்கிவைத்த ஒருவகைக் கார் முறை தன் காலத்தின் தேவைக்குச் சரியான விடை என்பதில் ஐயமில்லை. அது இன்றி இரு ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களைத் தமிழ்நாடு தந்திருக்க முடியுமா என்பது ஐயமே. காரைச் சமமாக்கிய அம்முறை, அறிவையும் நிறுவனத்தின் கொட்டகைக்குள் பூட்டிவிட்டதே அதன் பெருங்குறை. ஓட்டும் வாய்ப்பு எக்காலத்திலும் மிகச் சிலருக்கே கிட்டும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பொறியியலும் ஐ.டி.ஐ.யும் படித்து வெளிவரும் இளைஞர்களுக்குப் பந்தயம் தரக்கூடிய பெரிய வாய்ப்பு, மெக்கானிக்காகவும் தரவுப் பொறியாளராகவும் அணியில் பணிசெய்வதே ஆகும். பந்தயத் தொடருக்கு உதவித்தொகை வழங்கும் நிறுவனங்களும் அரசும், உள்ளூரில் நிலையான பட்டறையும் பயிற்சிப் பணியாளரும் கொண்ட அணிகளுக்கே அதில் ஒரு பங்கு என்று நிபந்தனை வைப்பது இக்குறையைக் களைவதற்கான முதற்படியாகும்.