அறுகோண நிக்கலும் காந்தக் குறைவும்: ஒரு மறுநோக்கு

ஒலைலமீனில் நிக்கல் உப்பைச் சூடேற்றி நானோ துகள்களைப் பெறும் ஆய்வுகள் பலவும் ஒரு முடிவையே வழிமொழிகின்றன: முகமையக் கனசதுரப் படிகம் வலிய காந்தம், அறுகோணப் படிகம் மிக மெலியது. பருநிலை நிக்கலின் தெவிட்டு காந்தமாக்கம் அறை வெப்பநிலையில் கிராமுக்கு ஏறத்தாழ 55 இ.எம்.யு.; அறுகோண மாதிரிகள் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே நிற்கின்றன என்பது மெய்யே. ஆயின் காரணம் படிக அமைப்புதானா? அறுகோண நிக்கலும் நிக்கல் கார்பைடும் தரும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கோலங்கள் ஏறத்தாழ ஒன்றே. ஒலைலமீன் உயர் வெப்பநிலையில் சிதைந்து கார்பனை ஈயவல்லது. கார்பைடோ ஃபெர்ரோ காந்தமன்று. கார்பன் அளவைத் தனிமப் பகுப்பாய்வால் அறியாமல் ‘அறுகோண நிக்கல்’ எனப் பெயரிடுவது அவசரம். சூடேற்றியபின் கனசதுரம் தோன்றிக் காந்தம் மீள்வதும் சான்றாகாது. கார்பைடும் வெப்பத்தில் சிதைந்து அந்நிக்கலையே தரும்.