இனவொதுக்கலும் அதிகாரப் பகிர்வும்: ஒரு நூல் பற்றிய மதிப்பீடு

தென்னாபிரிக்க இனவொதுக்கலுக்கு மாற்றாக அதிகாரப் பகிர்வினை முன்மொழிந்தோருள் அரசறிவியலாளர் அரென்ட் லைப்ஹார்ட் குறிப்பிடத்தக்கவர். 1985இல் வெளிவந்த அவரது 'தென்னாபிரிக்காவில் அதிகாரப் பகிர்வு' என்னும் நூலை ஈண்டு நோக்குவோம்.

1983ஆம் ஆண்டு அரசியலமைப்பும் பகிர்வு பற்றியே பேசிற்று. வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோருக்கு முறையே 178, 85, 45 உறுப்பினர் கொண்ட மூன்று சபைகளை அமைத்த அது, பெரும்பான்மையினரான ஆபிரிக்கரைப் புறத்தே நிறுத்திற்று. பகிர்வுக்குரிய குழுக்களைச் சட்டமே இனவாரியாக வகுக்குமிடத்து, ஒதுக்கல் புதுவடிவம் பெறுகின்றதேயன்றி ஒழிவதில்லை. குழுக்கள் தம்மைத் தாமே இனங்காண விகிதாசாரத் தேர்தல் வழிவகுக்கும் என லைப்ஹார்ட் கொண்டமை நூலின் தலையாய சிறப்பாகும்.

1993ஆம் ஆண்டு இடைக்கால அரசியலமைப்பு, 400 ஆசனங்களுள் 20ஐப் பெற்ற கட்சிக்கும் அமைச்சரவையில் இடமளித்தது. 1996இல் தேசியக் கட்சி வெளியேறியபோதும் அரசு நிலைகுலையவில்லை. நிலைத்தவை கூட்டமைச்சரவையன்று, பொதுக் குடியுரிமையும் விகிதாசார முறையும் மாகாண அமைப்புமே.

ஆயினும், தலைவர்களின் இணக்கத்தையே மையமாகக் கொள்ளும் இக்கோட்பாடு பொருளியல் அடித்தளத்தை உரியவாறு கணக்கிலெடுப்பதில்லை. 1913, 1936ஆம் ஆண்டுகளின் நிலச்சட்டங்கள் ஆபிரிக்கருக்கு ஏறத்தாழ 13 வீத நிலத்தையே ஒதுக்கின. அந்நிலத்தில் அமைந்த பத்துத் 'தாயகங்கள்' 1994இல் ஒழிந்து, ஒன்பது மாகாணங்களுள் அடங்கின. எல்லைகள் மாறின; நிலவுடைமை அவ்வாறு மாறவில்லை. உடைமையுரிமைக்கு அரசியலமைப்பே காப்பளித்தது.

சமஷ்டியும் பகிர்வும் இனவொதுக்கலினின்று வெளியேறும் வாயிலைத் திறக்கலாம். நிலம் பகிரப்படாதவரை அவ்வாயிலைக் கடந்தோர் சிலரே என்பது எமது துணிபு.