குணசேகரனின் இரண்டு முகங்கள்

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுதுவது இலக்கியக்காரனுக்கு அழகல்ல என்று நினைப்போர் நம்மிடையே பலர். ஆனால் வெருகலில் நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் வீடுகளில், நாவலோ சிறுகதையோ நுழையாத இடத்தில், இரவு ஒன்பதரை மணிக்கு சன் தொலைக்காட்சியின் ‘எதிர்நீச்சல்’ நுழைந்துவிட்டது. மூதூர்ப் பக்கம் எங்கள் வீடுகளிலும் இதே கதைதான். இத்தனை பேர் பார்க்கும் ஒன்றை விமர்சகன் பாராமுகமாய் விடலாகாது.

‘கோலங்கள்’ தந்த திருச்செல்வத்தின் இத்தொடர் 2022 பெப்ரவரியில் தொடங்கியது. படித்த மருமக்களை அடுப்படிக்குள் அடக்கிவைக்கும் மூத்தவன் ஆதி குணசேகரன். அவனை எதிர்க்கும் பெண்கள். கதை இவ்வளவுதான். குணசேகரனாக நடித்த இயக்குநர் ஜி. மாரிமுத்து, தொடருக்குக் குரல் கொடுக்கப் போன இடத்தில் சுகவீனமுற்று 2023 செப்ரெம்பர் 8இல் காலமானார். குணசேகரனைச் சில காலம் வீட்டைவிட்டு மறையச்செய்த பின், ‘குற்றப்பரம்பரை’ நாவலை எழுதிய வேல ராமமூர்த்தியை அவ்விடத்திற்குக் கொண்டுவந்தார்கள். “பழைய ஆள் மாதிரி வராது” என்பதே எங்கள் லாத்தாமாரினதும் வெருகல் அக்காமாரினதும் ஒருமித்த தீர்ப்பு.

ஆள் மாறுவது நமது அரங்கிற்குப் புதிதல்ல. யாழ்ப்பாண, மன்னார்க் கத்தோலிக்கக் கூத்துக்களில் ஒரே அரசனை ஒரே இரவில் இருவர் மூவர் பங்கிட்டு ஆடுவதுண்டு. சபை அதைக் குறையாகக் கொள்வதில்லை. கதை முன்பே தெரிந்தது. உடுப்பும் வரவுப் பாட்டும் அவன் யாரென்று சொல்லிவிடும். தொடரிலோ பாத்திரத்திற்கு முன்கதை கிடையாது. நாள்தோறும் பார்த்த முகமும் கேட்ட குரலுமே பாத்திரம். எனவே ஆள் மாறும்போது பார்வையாளர் தடுமாறுவது இயல்பே.

எனினும், ‘பழைய ஆளிடம்’ நாம் இழந்தது எது என்பதை யோசிக்க வேண்டும். மாரிமுத்துவின் ‘இந்தாம்மா’ என்ற அதட்டலில் ஒரு குறும்பு இருந்தது. தம்மை அடக்கும் ஆணின் பேச்சுக்குப் பெண்களே சிரித்தார்கள். பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்காட்டினார்கள். கொடுமைக்காரன் வீட்டுக்குப் பிடித்தமானவனாகிவிட்டான். அது ஒரு பெரிய நடிகனின் வெற்றி. ஆனால் தொடர் சொல்ல வந்த விடயத்திற்கு அதுவே இடையூறாயிற்று. வேல ராமமூர்த்தியின் கனத்த பார்வையில் அந்தக் குறும்பு இல்லை. சிரிப்பு நின்றதும் எஞ்சியது அச்சம் மட்டுமே. பார்ப்பவருக்கு இது நட்டம்தான். கதையின் நேர்மைக்கோ இது இலாபம் என்பது எனது அபிப்பிராயம்.

2024 ஜூனில் முடிந்த தொடர், அவ்வாண்டு டிசம்பர் 23இல் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என மீண்டும் வந்தது. கனிகா, ஹரிபிரியா, பிரியதர்ஷினி பழைய வேடங்களுடனேயே வந்தனர். கதாநாயகி ஜனனி மட்டும் மாறினாள். மதுமிதாவின் இடத்தில் பார்வதி. நான் அறிந்த வீடுகளில் இரண்டொரு கிழமை முணுமுணுத்தார்கள், பிறகு மறந்தார்கள். குணசேகரனுக்குப் பட்ட துக்கத்தில் கால்வாசிகூட ஜனனிக்கு இல்லை.

இது மரணத்தால் வந்த வேறுபாடு மட்டுமல்ல, எழுத்திலேயே இருக்கும் வேறுபாடு. குணசேகரனுக்கு மதுரை மண்ணின் பேச்சையும் நக்கலையும் கோபத்தின் ஏற்ற இறக்கத்தையும் கொடுத்தவர்கள், ஜனனிக்கு நியாயத்தை மட்டுமே கொடுத்தார்கள். எவர் வாயிலிருந்தும் அந்த நியாயம் வரலாம். ஆகவேதான் அவளை மாற்றுவது இலேசாகிறது.

சின்னத்திரையை மட்டும் குறைசொல்லி நாம் தப்ப முடியாது. நமது சிறுகதைகளை எடுத்துப் பாருங்கள். ஹாஜியார் ஊர்ப்பேச்சில் கர்ஜிப்பார். முதலாளியின் வசவு அச்சொட்டாக வரும். பாதிக்கப்பட்ட உம்மாவோ மருமகளோ வாய் திறந்தால் பாடப்புத்தகத் தமிழ். அவள் பெயரை அழித்து வேறொரு பெயரை எழுதினாலும் கதைக்கு ஒரு குறையும் வராது. அவர்களும் வீட்டில் நக்கலடிப்பவர்கள்தாம், பழமொழி சொல்பவர்கள்தாம். அதைக் காதால் கேட்டு எழுதும் வேலை நமக்கு இன்னும் மிச்சமிருக்கிறது.